ஊராட்சிக்கு நாற்பது வீடு: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தையும் அதோடு சேர வேண்டிய கிராம வறுமை ஒழிப்புத் திட்டத்தையும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும், ஏற்றாத ஊராட்சிச் செயலர்களிடம் விளக்கம் கேட்கப்படும் என்று வட்டார அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வந்திருக்கிறது. வந்தது திங்கட்கிழமை. உங்கள் கையெழுத்திட்ட கடிதமும் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறோம்.

ஐந்து நாளில் திட்டம் போட முடியாது, டைப் அடிக்கத்தான் முடியும். ஒன்றிய அலுவலகத்தில் ஒரு கணினி, ஒரு ஆபரேட்டர், வரிசையில் முப்பது செயலர்கள். போன வருடக் கோப்பைத் திறந்து ஆண்டை மாற்றுவார்கள். 'ஆதி திராவிடர் காலனி இரண்டாவது தெருவில் பேவர் பிளாக்' என்று இருந்ததை மூன்றாவது தெரு ஆக்குவார்கள். செலவில்லாப் பணிகள் என்ற பகுதியில் 'குழந்தைத் திருமணத் தடுப்பு விழிப்புணர்வு', 'போதை ஒழிப்பு விழிப்புணர்வு' என்று நான்கு வரி சேரும். தொகை: பூஜ்யம். ஊராட்சித் திட்டங்களுக்கென்று வகுத்த ஒன்பது கருப்பொருளில் ஒன்றை ஊராட்சியே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் 'வறுமையற்ற, மேம்பட்ட வாழ்வாதாரம் கொண்ட ஊராட்சி' என்பதை ஒன்றியம் முழுவதற்கும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். பச்சை டிக் விழும். உங்கள் மேசைக்கு வரும் அறிக்கையில் நூற்றுக்கு நூறு.

அந்த நூற்றுக்கு நூறில் யாருடைய வறுமையும் இல்லை என்பதுதான் எங்கள் புகார். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்புகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் இந்தத் திட்டங்களைத் தயாரிக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். என்ன செய்யலாம், எங்கே கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதைத் தெரிந்த அளவில் எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 'முதலமைச்சரின் தாயுமானவர்' திட்டத்தை அறிவித்தது. நிதி ஆயோக் கணக்கில் மாநிலத்தின் வறுமை 2.2 சதவீதம்; மிக வறிய 5 லட்சம் குடும்பங்களை இரண்டு ஆண்டுகளில் மீட்பது இலக்கு. ஆதரவற்றோர், தனித்து வாழும் முதியோர், ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள், பெற்றோரை இழந்த பிள்ளைகள், மனநலம் குன்றியவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று யார் யார் என்பதும் சொல்லப்பட்டது. (பிறகு 2025 ஆகஸ்டில் முதியோர் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோகும் திட்டத்துக்கும் அதே பெயர் வைத்தார்கள். இப்போது ஊரில் தாயுமானவர் என்றால் அரிசி வண்டி என்றுதான் பொருள்.) அந்த 5 லட்சத்தில் நகரத்துக் குடும்பங்களும் உண்டு. முழுவதையும் கிராமத்துக்கே எழுதினாலும், சுமார் 12,500 ஊராட்சிகளுக்குப் பிரித்தால் ஊராட்சிக்கு 40 குடும்பம் வருகிறது.

நாற்பது என்பது பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய எண்ணிக்கை. ரேஷன் கடைக்காரருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் தெருமுனை டீக்கடைக்கும் தெரிந்த எண்ணிக்கை. நாங்கள் வருடாவருடம் ஏற்றும் திட்டத்தில் பேவர் பிளாக்கின் நீளமும் அகலமும் இருக்கின்றன. இந்த நாற்பது வீட்டின் கதவு எண் இல்லை.

ஏன் இல்லை?

கிராம வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கான தேவைகளை மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாகத்தான் திரட்டுகிறோம். குழுக் கூட்டத்தில் படிவத்தை வைத்து ஒவ்வொரு உறுப்பினரிடமும் கேட்பது வழி: எந்த அரசு உதவி வரவில்லை, என்ன தொழில் செய்ய விருப்பம், ஊருக்கு என்ன வேண்டும், சமூகப் பிரச்சினை எது. பிறகு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் தொகுத்து, கிராம சபையில் வைத்து, ஊராட்சித் திட்டத்தோடு இணைக்க வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. குறை தொடங்குவது வாசலில். வாரம் ஐம்பதோ மாதம் இருநூறோ சேமிக்க முடிந்தவர்தான் குழுவில் இருக்கிறார். தவணை கட்டமாட்டார் என்று தோன்றுகிறவரைக் குழு சேர்ப்பதில்லை. சேர்த்தால் பன்னிரண்டு பேர் கடனும் நின்றுபோகும் என்ற பயம். அந்தப் பெண்களைக் குறை சொல்ல முடியாது, வங்கி அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறது. குழுவில் இல்லாத வீட்டையும் சேர்க்க வழிகாட்டுதலில் இடம் உண்டு. ஆனால் ஐந்து நாள் கெடுவில் வீடு வீடாகப் போய் யார் கேட்பது? ஆக, ஊரிலேயே மிக ஏழையான நாற்பது பேரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வறுமை ஒழிப்புத் திட்டம் எழுதுகிறோம்.

பட்டியலில் விழாமல் போகிறவர்கள் யாரென்று திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். மகனின் ரேஷன் கார்டில் பெயர் இருக்கிற மூதாட்டி: கார்டுப்படி அவர் நான்கு பேர் குடும்பத்தில் ஒருவர், நடப்பில் பின்பக்கத் தாழ்வாரத்தில் தனியாகப் பொங்கித் தின்பவர். தனிக் கார்டு கேட்டால் தனிச் சமையலறை இருக்கிறதா என்று பார்க்க வருவார்கள். மூன்று செங்கல்லைச் சமையலறை என்று எந்த அதிகாரி எழுதுவார்? அடுத்து, செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற குடும்பங்கள். பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி முன்பணம் வாங்கி, பொங்கல் கழிந்து வீட்டைப் பூட்டிவிட்டு வைகாசி, ஆனியில் திரும்புவார்கள். கணக்கெடுப்பு மாசியில் வந்தால் 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டுப் போகலாம். ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்று கோட்டாட்சியரிடம் வாங்க வேண்டும். சான்று இல்லாமல் பட்டா நகராது, பட்டா இல்லாமல் வீடு வராது. கலைஞர் கனவு இல்லத்தில் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு கிடைக்கிறது; சொந்த மனை வேண்டும் என்பது நிபந்தனை. புறம்போக்கில் குடிசை போட்டவரை, குடிசையை ஒழிக்கும் திட்டமே தாண்டிப் போகிறது. கணவன் விட்டுப்போன பெண் இருக்கிறாள்: விதவையும் இல்லை, விவாகரத்தும் இல்லை, கைவிடப்பட்டவர் என்று சான்று தருவதற்கு ஊரில் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டார்கள். கடைசியாக, போன வருடம் வரை நன்றாக இருந்து, ஒரு விபத்திலோ டயாலிசிஸிலோ இந்த வருடம் விழுந்துவிட்ட வீடு. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு இந்த வீட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இவர்களைக் கண்டுபிடிக்கும் முறை புதிதாக எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. 2005-இல் தொடங்கிய புது வாழ்வு திட்டத்தில் 'மக்கள் நிலை ஆய்வு' என்று இதே மாநிலத்தில் செய்தோம். மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதியானவர் என்று ஊர் மக்களே வீடுகளைப் பிரித்து, அந்தப் பட்டியலைக் கிராம சபை ஏற்றது. பல ஊராட்சிகளில் இன்றும் அந்தக் காலத்துப் பட்டியலையே தூசி தட்டிப் பயன்படுத்துகிறோம். அதில் மிகவும் ஏழை என்று இருந்தவரின் மகன் இன்று கார் வைத்திருக்கிறார். பட்டியலில் இல்லாத வீடு இன்று பட்டினி கிடக்கிறது. பட்டியலுக்கும் ஆயுள் உண்டு.

ஆய்வை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் 'ஆய்வு நடத்தப்பட்டது' என்ற ஒற்றை வரி உங்களிடம் வரும்போது அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு குடியிருப்பிலும் தனித்தனியாக இரண்டு மாலைகள். ஊருக்கு ஒரு கூட்டம் போட்டு எல்லாக் குடியிருப்பையும் அதில் முடிப்பது கூடாது. மாநிலத்தில் 79 ஆயிரத்துக்கு மேல் குடியிருப்புகள், சராசரியாக ஊராட்சிக்கு ஆறு. மாலை ஏழு மணிக்கு மேல்தான் வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள். பகல் பதினொரு மணிக் கூட்டத்துக்கு வருகிறவர் பகலில் ஓய்வாக இருக்கக்கூடியவர். அவர் சொல்வதுதான் திட்டம் ஆகும். இடம் பள்ளி வளாகமோ அங்கன்வாடி முற்றமோ ஆக இருக்கட்டும். கோயில் முன்பு வைத்தால் யார் உட்கார்வார்கள், யார் ஓரமாக நிற்பார்கள், யார் வரவே மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். காலனியில் தனியாகவே நடத்த வேண்டும். தண்டோரா கூடாது என்று 2022-இல் அரசே சொல்லியாயிற்று. முந்தின நாளும் அன்று மாலையும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும்.

முதல் மாலை வரைபடம். தரையைப் பெருக்கி, கோலப்பொடியில் தெருக்களை இழுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னச் செவ்வகம் போடச் சொல்ல வேண்டும். பொடி யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். படித்த பையன் ஒருவன் வாங்கிக்கொண்டு நேர்க்கோடாக அழகாக வரைவான். அழகான படத்தில் ஓடைக்கரைக் குடிசைகள் வராது. வயதான பெண்கள் கையில் கொடுத்தால் கோடு கோணலாக வரும், வீடு விட்டுப்போகாது. 'இவ வீட்டுக்குப் பின்னால ஒருத்தி இருக்காளே' என்ற பேச்சு அங்கேதான் எழும். அந்தப் பேச்சுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். வரைந்து முடித்ததும் வீடுகளை எண்ணி, குடிநீர் இணைப்பு எண்ணிக்கையோடும் ரேஷன் கார்டு எண்ணிக்கையோடும் ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசத்துக்குள்தான் நாம் தேடும் வீடுகளில் பாதி இருக்கும். அன்றிரவே படத்தை சார்ட்டில் பெயர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இரவோடு அழித்துவிடும்.

இரண்டாம் மாலை அட்டைகள். வீட்டுக்கு ஓர் அட்டை, அதில் குடும்பத் தலைவர் பெயரும் வீட்டு அடையாளமும். பிரிப்பதற்கு முன் அளவுகோலை மக்களே சொல்ல வேண்டும். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: மழைக்காலத்தில் எத்தனை நாள் அடுப்பெரியாது? ரேஷன் அரிசியை விற்கிறார்களா, தின்கிறார்களா? வாரத் தவணை எத்தனை கம்பெனிக்கு? உழைக்கிற கை எத்தனை, தின்கிற வாய் எத்தனை? பிறகு மூன்று குழு: பெண்கள் ஒன்று, முதியவர்கள் ஒன்று, இளைஞர்கள் ஒன்று. ஒரே அட்டைக் கட்டை மூன்று குழுவும் தனித்தனியாக நான்கு குவியலாகப் பிரிக்கட்டும். மூன்றிலும் கடைசிக் குவியலில் விழுந்த வீடு உறுதி. ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் விழுந்தால் மறுநாள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு குடியிருப்பில் இந்த நேரடிச் சரிபார்ப்பு பத்துப் பதினைந்து வீட்டைத் தாண்டாது.

கெடுகிற இடங்களும் தெரிந்தவைதான். எல்லோரும் தங்களை ஏழை என்று சொல்வது முதலாவது; வீடு கிடைக்கும், ஆடு கிடைக்கும் என்று முன்கூட்டியே வாய்விட்டவர் யாராவது இருந்தால் இது கட்டாயம் நடக்கும். ஆகவே ஆய்வு முடியும் வரை எந்தத் திட்டத்தின் பெயரையும் சொல்லக் கூடாது. செல்வாக்குள்ளவர் வந்து தன் பங்காளி வீட்டு அட்டையைக் கீழே நகர்த்துவது இரண்டாவது. அவரோடு அங்கே சண்டை போட வேண்டாம். மற்ற இரண்டு குழுவின் குவியலே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது, மானம். பட்டினி கிடக்கிறவர் அதைச் சபையில் சொல்லமாட்டார், தன் பெயர் சுவரில் ஒட்டப்படுவதையும் விரும்பமாட்டார். மனநலம் சார்ந்த விவரம், கைவிடப்பட்ட விவரம் போன்றவற்றைச் சுவரில் எழுதக் கூடாது. பெயரும் கதவு எண்ணும் போதும்.

பட்டியலை ரேஷன் கடை, அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டி அடி என்று மூன்று இடத்தில் ஏழு நாள் ஒட்டிவைத்து, ஆட்சேபணை கேட்டு, கிராம சபையில் ஒவ்வொரு பெயராக வாசிக்க வேண்டும். வாசிப்பதை விட்டுவிட்டு 'பட்டியல் ஏற்கப்பட்டது' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினால் அதுவரை செய்தது வீண்.

இத்தனைக்கும் ஆகிற காலம்: ஆறு குடியிருப்பு என்றால் பன்னிரண்டு மாலை, சரிபார்ப்பு ஐந்து நாள், காட்சிக்கு வைப்பது ஏழு நாள், கிராம சபைக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு, நடுவில் மழையும் துக்க வீடும் திருவிழாவும். ஆறு வாரம். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை: சார்ட், மார்க்கர், அட்டை, கோலப்பொடி, ஆட்டோ வாடகை, வந்தவர்களுக்கு டீயும் சுண்டலும், இரண்டு சமுதாயப் பயிற்றுநர்களுக்கு நாள்படி. அந்த நாள்படியைத்தான் யாரும் தருவதில்லை. வாரத்தில் ஆறு நாள் வேறு வேறு செயலிகளில் விவரம் ஏற்றும் பெண்களிடம் இதையும் சேவையாகச் செய்யுங்கள் என்றால், அவர்களும் உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பத்தான் செய்வார்கள்.

பட்டியல் வந்த பிறகு அடுத்த பிழை தொடங்குகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்து. 'வாழ்வாதாரத் தேவை' என்ற கட்டத்தில் நூற்றுக்கு எழுபது பேருக்குக் கறவை மாடு என்று எழுதியிருப்போம். கேட்டவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் கிடைக்கும் என்று தெரிந்தது அதுதான். எட்டு லிட்டர் கறக்கும் ஒரு கலப்பின மாட்டுக்கு நாளொன்றுக்குப் பசுந்தீவனம் 20 கிலோ, வைக்கோல் ஐந்து கிலோ, அடர்தீவனம் உடம்புக்கு ஒன்றரைக் கிலோவும் பாலுக்கு மூன்று கிலோவுமாக நாலரைக் கிலோ வேண்டும். நன்றாகத் தண்ணீர் பாயும் ஐந்தாறு சென்ட் நிலத்தில் கோ-4 புல் போட்டால் ஒரு மாட்டுக்கான பசுந்தீவனம் வருடம் முழுக்க வந்துவிடும். மிகவும் ஏழை என்று நாம் எழுதிய வீட்டில் இல்லாதது அந்த ஐந்து சென்ட்தான். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கினால் பால் காசு தீவனக் கடைக்கே போகும். ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் பால் வற்றும். வாரத் தவணை வற்றாது. எட்டாவது மாதத்தில் மாடு சந்தைக்குப் போகிறது, கடன் வீட்டிலேயே இருக்கிறது. வெள்ளாட்டுக்கும் கணக்கு உண்டு: சினை ஐந்து மாதம், குட்டி விற்கிற எடைக்கு வர இன்னும் ஆறேழு மாதம். முதல் காசு பார்க்க ஒரு வருடம். மழைக்கு முன் துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி போடாவிட்டால் அந்த முதல் காசும் வராது. அந்த ஒரு வருடம் அந்த வீடு எதைத் தின்னும் என்று எங்கள் படிவத்தில் எந்தக் கட்டமும் கேட்பதில்லை.

வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு 2002-இலிருந்து இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது: ஆடு மாட்டோடு முதல் சில மாதத்துக்குச் சாப்பாட்டுச் செலவு, சிறு சேமிப்பு, வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள், மொத்தம் இரண்டு வருடம். பீகார் 2018 முதல் அதே வழியில் போகிறது. இங்கே ஆட்டைக் கொடுக்கும் அன்றே புகைப்படம் எடுத்துத் திட்டத்தை முடித்துவிடுகிறோம்.

ஊராட்சியால் முடிகிற காரியமும் இருக்கிறது. மேய்க்கால் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு இல்லாத இருபது சென்ட்டை வேலி போட்டு, மேல்நிலைத் தொட்டியில் வழிகிற தண்ணீரையும் பொதுக்குழாய்க் கழிவுநீரையும் அதற்குத் திருப்பி, நான்கு வீட்டுக்குப் பொதுவாகத் தீவனம் போடலாம். நூறு மீட்டர் பேவர் பிளாக்கை விடச் செலவு குறைவு. ஏன் திட்டத்தில் வருவதில்லை என்றால், எஸ்டிமேட் போட ஓவர்சியரிடம் அதற்கு மாதிரி இல்லை. பேவர் பிளாக்குக்கு இருக்கிறது.

இன்னும் பெரிய ஓட்டை துறைகளுக்கு நடுவில். நாற்பது வீட்டில் பாதிக்கு மேல் தேவைப்படுவது தொழில் இல்லை, உரிமை: முதியோர் ஓய்வூதியம், அந்தியோதயா கார்டில் மாதம் 35 கிலோ அரிசி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பட்டா. இவை எதுவும் ஊராட்சியின் கையில் இல்லை. ஓய்வூதியம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம், கார்டு வட்ட வழங்கல் அலுவலகத்தில், பட்டா வருவாய்த் துறையில். 'உரிமைத் திட்டம்' என்று நாங்கள் தொகுத்து ஏற்றும் பட்டியல் ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளத்தில் ஏறுகிறது. தாலுகா ஆபீஸில் அது எந்த மேசைக்கும் போவதில்லை. பட்டியலில் இருக்கிற அதே பாட்டி மறுபடி இ-சேவையில் கட்டணம் கட்டி முதலிலிருந்து மனுப் போடுகிறார். இரண்டு துறைக்கும் மாவட்டத்தில் தலைவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே இந்த ஓட்டையை உங்களைத் தவிர யாராலும் அடைக்க முடியாது.

பணம் பற்றியும் நேரடியாகப் பேசிவிடலாம். 15-ஆவது நிதிக்குழு (2021–26) மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதியாக இருந்தது: பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீருக்கு. மீதி 40 சதவீதம் கட்டுப்பாடற்ற நிதி, உள்ளூர்த் தேவைக்கு. சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தொடக் கூடாது. அந்தக் கணக்குப்படி 10 லட்சம் வந்தால் 4 லட்சம் ஊராட்சி யோசித்துச் செலவழிக்கக் கூடியது. அந்த நான்கு லட்சம் முழுவதும் ஒவ்வொரு வருடமும் சாலைக்கே போக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு, 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் மாவட்டமும் அதில் ஒன்று. அன்றிலிருந்து வட்டார வளர்ச்சி அலுவலரே ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிக்கும் தனி அலுவலர். 388 ஒன்றியங்களுக்கு சுமார் 12,500 ஊராட்சி என்றால் ஒருவருக்குச் சராசரி 32. 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் இதே நிலையைப் பார்த்தோம். தலைவர் இல்லாததை விட வார்டு உறுப்பினர் இல்லாததுதான் இந்த வேலையை முடக்குகிறது. 'அந்தத் தெருவில் ரெண்டு வீட்டை விட்டுட்டீங்க' என்று எழுந்து கேட்க ஓட்டு வாங்கிய ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. அரசியலமைப்பின் 243ஜி பிரிவு பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் போடுவதை ஊராட்சிகளிடம் ஒப்படைக்க வழி செய்கிறது. ஊராட்சி என்ற இடத்தில் இப்போது ஒரு அதிகாரியின் பாஸ்வேர்டு இருக்கிறது.

இந்த நிலையில் கிராம சபைதான் மிச்சம். 2025 அக்டோபர் 11 கிராம சபையில் 'நம்ம ஊரு, நம்ம அரசு' என்று ஊருக்கு மூன்று முக்கியத் தேவைகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நல்ல யோசனை, ஆனால் சபையில் பெரும்பான்மையின் மூன்று தேவை எப்போதும் ரோடு, தண்ணீர், லைட்டாகத்தான் இருக்கும். தாழ்வாரத்து மூதாட்டி மூன்றில் ஒன்றாக ஒருநாளும் வரமாட்டார். அவருக்குத் தனியாக ஒரு பொருள் வேண்டும். வருகையையும் பார்க்க வேண்டும்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்பது குறைந்தபட்ச வருகை விதி. நூறு நாள் வேலை அட்டைக்காரர்களை அழைத்துவந்து கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டால் கோரம் நிறைகிறது, சபை காலியாகத்தான் இருக்கிறது.

பக்கத்து மாநிலத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கேரளத்தில் 2021-இல் தொடங்கி, வார்டு வார்டாக உணவு, உடல்நலம், வருமானம், உறைவிடம் என்ற நான்கு அளவில் பார்த்து 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டார்கள். வீட்டுக்கு ஒரு நுண்திட்டம். உடனே செய்ய வேண்டியது, கொஞ்ச காலத்தில் முடிப்பது, நீண்ட காலத்துக்கானது என்று பிரித்து எழுதினார்கள். ஆவணம் இல்லாதவர்களுக்கு முதலில் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக் கொடுத்தார்கள். 2025 நவம்பர் 1 அன்று கடும் வறுமை நீங்கியதாக அறிவித்தார்கள். அறிவிப்பு சரியா, எண்ணிக்கை குறைவாக எடுக்கப்பட்டதா என்று அங்கே பொருளாதார அறிஞர்களே கேள்வி கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நாங்கள் சுட்டுவது அறிவிப்பை இல்லை, வீட்டுக்கு ஒரு தாள் என்ற அந்த முறையை.

உங்களிடம் நாங்கள் கேட்பவை:

வெள்ளிக்கிழமைக் கெடுவைத் திரும்பப் பெறுங்கள். ஆறு வாரம் கொடுத்து, எல்லாக் குடியிருப்பிலும் மக்கள் நிலை ஆய்வைப் புதிதாக நடத்த உத்தரவிடுங்கள். சூளைக்குப் போகிறவர்கள் பொங்கலுக்குப் பிறகு கிளம்பிவிடுவார்கள். ஆகையால் களவேலை மார்கழிக்குள் முடிய வேண்டும். ஜனவரி 26 கிராம சபையில் பெயர்களை வாசித்து ஒப்புதல் பெற்று, அந்த மாதக் கடைசிக்குள் திட்டத்தை ஏற்றிவிடலாம். அந்தச் சபையைக் காலனியிலோ அதன் அருகிலோ நடத்துங்கள். சுழற்சி முறை என்பது ஏற்கெனவே இருக்கிற விதிதான்.

ஆய்வு நடத்தும் சமுதாயப் பயிற்றுநர்களுக்கு ஊராட்சிக்கு இருவர் வீதம் பதினேழு நாளுக்கு நாள்படி வழங்க ஆணையிடுங்கள்.

கட்டுப்பாடற்ற நிதியில் கால் பங்கையாவது, மேலே சொன்ன கணக்கில் ஒரு லட்சத்தை, இந்த வீடுகளுக்குப் பயன்படும் பொதுப் பணிகளுக்கு ஒதுக்கும்படி ஊராட்சிகளுக்கு அறிவுறுத்துங்கள். தீவனத் தோட்டத்துக்கும் குடிசைப் பகுதிக் கழிப்பறைக்கும் மாதிரி எஸ்டிமேட் தயாரித்து ஓவர்சியர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை, ஒன்றிய அளவில், தனி வட்டாட்சியர், வட்ட வழங்கல் அலுவலர், கிராம நிர்வாக அலுவலர்கள், மகளிர் திட்டப் பொறுப்பாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பட்டியலைப் பெயர் பெயராகப் பார்க்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன கேட்டார், எந்தத் தேதி, யாரிடம் நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று நான்கு பத்தி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை நீங்கள் பாருங்கள். அடுத்த கிராம சபையில் அதையே வாசிக்கச் சொல்லுங்கள்.

தனிச் சமையலறை இல்லை என்பதற்காக முதியவரின் தனிக் கார்டு மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று வட்ட வழங்கல் அலுவலர்களுக்கு எழுதுங்கள். தனி அடுப்பு இருந்தால் போதும்.

உங்கள் அதிகாரத்துக்கு மேற்பட்டது ஒன்று: ஊராட்சித் தேர்தல். தேர்தல் நடக்கும் வரை குடியிருப்புக்கு இருவர், அதில் ஒருவர் பெண், கிராம சபையிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு, திட்டத்தை ஏற்றுவதற்கு முன் படித்துப் பார்த்துக் கையெழுத்திட ஏற்பாடு செய்வது உங்களால் முடியும்.

வியாழக்கிழமை மாலைக்குள், கெடு நீட்டிக்கப்பட்டது என்ற ஒரு வரித் தகவல் அதே வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், வெள்ளி மாலை ஏழு மணிக்கு முதல் குடியிருப்பில் கோலப்பொடியோடு தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
ஊராட்சித் திட்டமிடல் பணியில் இருப்பவர்கள்